அண்ணன் கதவைத் திறக்காவிட்டால்? – வாசகர் கேள்வி பதில்

குடும்பத்திலும் சபையிலும் முறிந்துபோன உறவுகளைப் பற்றிய கடிதங்கள் நமக்கு மாதந்தோறும் வருகின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு ஒரே இதழில் சேர்த்துப் பதில் எழுதுவது நல்லது என்று தோன்றியதால், இம்முறை வேறு கேள்விகளை ஒதுக்கி வைத்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயரும், அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களும் நீக்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஐயா, எங்கள் அப்பா இறந்தபின் பூர்வீக வீட்டையும் அதை ஒட்டிய விளையையும் பாகம் பிரித்ததில் எனக்கும் என் அண்ணனுக்கும் மனவருத்தம் ஏற்பட்டது. ஒரே தெருவில் குடியிருந்தும், ஒரே ஆலயத்துக்குப் போயும், பல வருடங்களாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை; நல்லது கெட்டதுக்குக்கூட வரப்போக இல்லை. நான் இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு முறை அண்ணி வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். மறுமுறை கதவே திறக்கவில்லை. சகோதரனோடு ஒப்புரவாகாதவர்கள் திருவிருந்தில் பங்குபெறக் கூடாது என்று எங்கள் குருவானவர் பிரசங்கித்த நாள்முதல் நான் திருவிருந்து எடுப்பதில்லை. அண்ணன் எடுக்கிறார். நான் செய்வது சரியா?
– திருநெல்வேலி மாவட்ட வாசகர்

பதில்: சகோதரரே, நீங்கள் திருவிருந்தை விட்டு விலகியிருப்பது அலட்சியத்தினால் அல்ல, அதை மேன்மையாக எண்ணுவதால்தான் என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆயினும் நீங்கள் தொடர்ந்து விலகியிருக்க வேண்டியதில்லை என்றே நான் கருதுகிறேன். அதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டிய ஒன்று இன்னும் மீதமிருக்கிறது.

உங்கள் குருவானவர் எடுத்த வசனம் மத்தேயு 5:23, 24 ஆக இருக்க வேண்டும். "நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்த வந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்" என்று ஆண்டவர் தொடங்குகிறார். இங்கே குறை யாருக்கு யார்மேல் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சகோதரன்மேல் எனக்கு இருக்கும் குறையைப் பற்றி இந்த இடத்தில் அவர் பேசவில்லை. என்மேல் அவனுக்கு இருக்கும் குறையைப் பற்றியே பேசுகிறார். நீங்கள் எழுதிய நீண்ட கடிதத்தில் அண்ணன் செய்த அநியாயங்கள் ஒவ்வொன்றும் நாள்வாரியாக வந்திருக்கின்றன. அவருக்கு உங்கள்மேல் என்ன வருத்தம் என்பதற்கோ ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, அதிலும் "ஏதோ கோபம்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த "ஏதோ" என்னவென்று அவரிடம் கேட்டிருக்கிறீர்களா? இரண்டு முறை போனபோதும் அவரை மன்னித்துவிட்டேன் என்று சொல்வதற்காகப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். தான் குற்றவாளி என்று ஒப்புக்கொள்ளாத ஒருவரிடம் போய் "உம்மை மன்னித்துவிட்டேன்" என்று சொன்னால், அது அவர் காதில் குற்றப்பத்திரிகையாகவே விழும். மூன்றாம் முறை போகும்போது மன்னிப்பைக் கொண்டுபோகாதீர்கள், கேள்வியைக் கொண்டுபோங்கள். "அண்ணே, நான் உங்களுக்கு எதில் குறைவைத்தேன் என்று நீங்கள் சொல்லி நான் கேட்க வேண்டும்" என்பது போதும். அவர் சொல்லும்போது இடையில் மறுத்துப் பேசாதிருப்பதுதான் அந்தச் சந்திப்பில் மிகக் கடினமான பகுதி.

போவது எளிதாக இருக்கும் என்று ஆண்டவர் எங்கும் சொல்லவில்லை. அவர் இந்த வார்த்தைகளைக் கலிலேயாவின் மலையில் அமர்ந்து பேசினார். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். கால்நடையாகப் பல நாள் பயணம் செய்து ஆலயத்தை அடைந்த ஒரு கலிலேயன், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, மறுபடியும் ஊருக்கு நடந்துபோய்ச் சகோதரனைப் பார்த்து, திரும்பவும் எருசலேமுக்கு வந்து அதைச் செலுத்த வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தத் தூரம் தெரியும். தெரு கடந்து போக வேண்டிய நமக்கு அவர்களைவிட வசதி அதிகம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் இவ்வளவும் செய்து, அண்ணன் அப்போதும் கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வது? இது புதிய கேள்வி அல்ல. அப்போஸ்தலருக்கு அடுத்த தலைமுறையினர் பயன்படுத்திய 'பன்னிரு அப்போஸ்தலரின் போதனை' என்ற சிறு நூல், தோழனோடு சச்சரவு உள்ளவன் ஒப்புரவாகும்வரை சபையோடு கூடி அப்பம் பிட்க வேண்டாம் என்று கட்டளையிடுகிறது. அந்த விதியை அப்படியே கடைப்பிடித்தால், பிடிவாதமுள்ள ஒருவர் தன் சகோதரனை ஆயுள் முழுவதும் திருவிருந்துக்கு வெளியே நிறுத்திவைக்கலாம் என்பதைப் பிற்காலச் சபை கண்டுகொண்டது. ஆகையால் 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகம், திருவிருந்து ஒழுங்கின் முன்குறிப்பிலேயே இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறது. பகை கொண்ட இருவரில் ஒருவர், மற்றவர் தமக்குச் செய்த எல்லாவற்றையும் மனப்பூர்வமாக மன்னிக்கவும், தாம் செய்த தவறுக்கு ஈடுசெய்யவும் ஆயத்தமாயிருக்க, மற்றவர் இணங்க மறுத்தால், இணங்கியவரைக் குருவானவர் திருவிருந்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும், பிடிவாதமாயிருப்பவரையே நிறுத்த வேண்டும் என்கிறது அந்தக் குறிப்பு. திருநெல்வேலிச் சபைகளில் நம் முன்னோர் பல தலைமுறைகளாகத் தமிழில் வைத்து ஆராதித்த ஜெபப் புத்தகம் அதுதான். ரோமர் 12:18இல் பவுல் எழுதும் "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்ற எல்லையையும் அதனோடு சேர்த்து வாசியுங்கள். உங்களாலானதைச் செய்யும் பொறுப்பு உங்களுடையது. அண்ணனாலானதைச் செய்யும் பொறுப்பு அவருடையது.

அந்தக் குறிப்பில் நிபந்தனை இரண்டு உண்டு என்பதை மறக்க வேண்டாம். மன்னிப்பது ஒன்று, ஈடுசெய்வது மற்றொன்று. அண்ணன் சொல்லும் குறையில் பாதி உண்மையாக இருந்தாலும், அந்தப் பாதிக்கு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். அதன்பின் உங்கள் குருவானவரைத் தனியே சந்தித்து நடந்ததை விளக்கிவிட்டு, அடுத்த திருவிருந்துக்குப் போங்கள். அண்ணன் எடுக்கிறாரே என்ற எண்ணத்தை மட்டும் அங்கே கொண்டுபோக வேண்டாம். "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து" பங்குபெறக் கடவன் என்றுதான் கொரிந்தியருக்கு எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்து வரிசையில் முழங்கால்படியிடுகிறவரைச் சோதித்தறியும் வேலை நமக்குத் தரப்படவில்லை.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எல்லை எங்கே என்பது வேறு, நீங்கள் இருவரும் பேசுவது வேறு. இரண்டையும் ஒரே நாளில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து தீர்க்க முயன்றால் இரண்டுமே கெட்டுப்போகும். "ஆஸ்தியைப் பாகம் பிரிக்கும்படி என் சகோதரனுக்குக் கட்டளையிடும்" என்று ஒருவன் ஆண்டவரிடமே கேட்டபோது, பங்கிடுகிறவனாக என்னை வைத்தவன் யார் என்று சொல்லி அவர் அந்த வேலையை ஏற்க மறுத்துவிட்டார் (லூக்கா 12:13, 14). எல்லையைக் காட்ட நில அளவர் இருக்கிறார், புல வரைபடம் இருக்கிறது. வழக்கு ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருந்தால், அதைச் சமரச மையத்துக்கு அனுப்பும்படி இருவரும் கேட்கலாம். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் 2005இல் தொடங்கிய சமரச மையத்தைத் தொடர்ந்து மாவட்ட நீதிமன்றங்களிலும் இந்த ஏற்பாடு உண்டு. அங்கே தீர்வு கண்டால் செலுத்திய நீதிமன்றக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம். விசுவாசிகள் ஒருவரையொருவர் நீதிமன்றத்துக்கு இழுப்பதைப் பவுல் கண்டித்தார் என்பது உண்மை. ஆனால் அதே இடத்தில், சகோதரருக்குள் வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி உங்களில் ஒருவனாகிலும் இல்லையா என்றும் கேட்டார். இருபுறமும் நம்பும் அப்படி ஒருவர் உங்கள் சபையில் இருந்தால் அவரிடமே போகலாம்.

கடைசியாக, நீங்கள் எதை எதிர்பார்க்கலாம் என்பது. யாக்கோபு, பகைத்துப் பிரிந்த தன் அண்ணன் ஏசாவைச் சந்தித்த அதிகாரத்தை நாம் கட்டித்தழுவி அழுத இடத்தோடு நிறுத்திவிடுகிறோம். ஆதியாகமம் 33 அதற்குப் பின்னும் தொடர்கிறது. சேர்ந்து போவோம் வா என்று ஏசா அழைக்கிறான். பிள்ளைகள் இளையவர்கள், மந்தை மெதுவாகத்தான் நடக்கும் என்று சொல்லி யாக்கோபு பின்தங்குகிறான். ஏசா சேயீருக்குப் போகிறான், யாக்கோபு சுக்கோத்துக்குப் போய் வீடு கட்டிக்கொள்கிறான். அவர்கள் ஒரே ஊரில் குடியிருக்கவில்லை. ஆனால் ஈசாக்கு மரித்தபோது இருவரும் வந்து தகப்பனை அடக்கம்பண்ணினார்கள். உங்களுக்கும் அண்ணனுக்கும் பழைய நெருக்கம் திரும்பாமலேயே போகலாம். அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு நீங்களும், உங்கள் வீட்டுக்கு அவரும் வந்து நிற்கும் அளவுக்கு உறவு திரும்பினால், அதையே தேவன் தந்த சமாதானமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தகப்பனார் உயில் எழுதாமல் இறந்துவிட்டார்கள். அம்மா இருக்கிறார்கள். அண்ணன் தம்பி இருவரும் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்படி என்னை வற்புறுத்துகிறார்கள். கல்யாணத்தின்போது நகையும் சீரும் செய்தாயிற்று, இனி உனக்குப் பங்கு இல்லை என்கிறார்கள். நான் தயங்கியதால் பேச்சு நின்றுவிட்டது. சபை மூப்பர்கள் இருவர் வீட்டுக்கு வந்து, ஜெபம் செய்து, "சமாதானம்பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்" என்ற வசனத்தை வாசித்து, கையெழுத்துப் போட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றச் சொன்னார்கள். நான் மறுத்தால் அது பாவமா?
– மதுரை வாசகி

பதில்: பாவம் அல்ல, சகோதரி. இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

கிறிஸ்தவர்களுக்கான சொத்துரிமையை 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் நிர்ணயிக்கிறது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்து, மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும், மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகவும் போகும். மகன், மகள் என்ற வேறுபாடு அந்தச் சட்டத்தில் இல்லை. கல்யாணத்தில் சீர் செய்தார்கள் என்பதற்காக அந்தப் பங்கு அற்றுப்போவதுமில்லை. ஆகவே உங்கள் சகோதரர்கள் உங்களிடம் கேட்பது உங்களுக்குச் சொந்தமான ஒன்றை. கேட்பதில் தவறில்லை, கொடுப்பதிலும் தவறில்லை. அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் தம்பிக்கு உங்கள் பங்கை மனமுவந்து கொடுக்க விரும்பினால், அது அழகான கொடை. ஆனால் "கொடுக்காவிட்டால் நீ எங்களுக்குத் தங்கை இல்லை" என்று சொல்லி வாங்கப்படுவதைக் கொடை என்று வேதத்தின் எந்தப் பகுதியும் அழைக்கவில்லை.

மூப்பர்கள் வாசித்த வசனத்தைப் பற்றியும் எனக்கு வருத்தம் உண்டு. அவர்கள் உங்கள் வீட்டுக்கு வருமுன் உங்கள் சகோதரர்களின் வீட்டுக்குப் போனார்களா? போய், "உங்கள் சகோதரிக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுங்கள்" என்று அதே வசனத்தை வாசித்தார்களா? சமாதானத்துக்கான விலையை எப்போதும் இருப்பவர்களில் பலம் குறைந்தவரிடமே வசூலிப்பது நம் குடும்பங்களின் பழைய வழக்கம். சபையும் அந்த வழக்கத்துக்கு ஜெபத்தோடு துணைநிற்பது மிகவும் துக்கமான காரியம். "சமாதானமில்லாதிருந்தும், சமாதானம் சமாதானம்" என்று சொல்லிக் காயத்தை மேற்பூச்சாய்க் குணமாக்கினவர்களை எரேமியா கண்டித்தது இப்படிப்பட்ட நேரங்களுக்காகத்தான். மோசேயின் காலத்தில் செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர் தகப்பனின் சுதந்தரத்தைக் கேட்டுச் சபையார் எல்லாருக்கும் முன்பாக வந்து நின்றார்கள். அவர்களுக்குச் சகோதரர் இல்லை என்பது உண்மைதான்; ஆனாலும் கேட்டதற்காகக் கர்த்தர் அவர்களைக் கலகக்காரிகள் என்று சொல்லவில்லை, அவர்கள் பேசுகிறது சரிதான் என்றார். சகோதரர் இருக்கும்போதே மகள்களுக்குப் பங்கு கொடுத்தவரையும் வேதம் காட்டுகிறது. யோபு தன் குமாரத்திகளுக்கு அவர்களுடைய சகோதரரின் நடுவிலே சுதந்தரம் கொடுத்தான் என்று அந்தப் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

எதில் கையெழுத்துப் போடுவதானாலும், உங்கள் சார்பில் ஒரு வழக்கறிஞர் அதை வாசித்துச் சொன்னபின் போடுங்கள். வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி கிடைக்கும். சகோதரர்களிடம் பேசுவதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். "என் பங்கைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன், அதற்காக நான் உங்கள் தங்கையாகவும் அக்காவாகவும் இருப்பது நின்றுபோகாது" என்று ஒரு கடிதம் எழுதுங்கள். கிறிஸ்துமஸுக்கு முன் அம்மாவைப் பார்க்கப் போங்கள். யார் முகம் திருப்பினாலும் போங்கள்.

கேள்வி: என் கணவர் குடித்துவிட்டு என்னை அடிக்கிறார். மறுநாள் அழுது மன்னிப்புக் கேட்கிறார். சபையில் சாட்சியும் சொல்கிறார். சில வாரங்களில் மறுபடியும் அடி. ஏழெழுபதுதரம் மன்னிக்க வேண்டும், காவல் நிலையத்துக்குப் போனால் கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படும் என்று எங்கள் பாஸ்டர் சொல்கிறார். பிள்ளைகள் பயந்துபோயிருக்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?
– சென்னைப் புறநகர் வாசகி

பதில்: மகளே, முதலில் நீயும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும். மற்ற எதுவும் அதற்குப் பிறகுதான். உன் தாய்வீடோ, நம்பிக்கையான உறவினர் வீடோ இருந்தால் அங்கே போ. 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி எந்த நேரமும் கிடைக்கும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். கணவர் உன்னை நெருங்கக் கூடாது என்ற உத்தரவையும், அந்த வீட்டிலேயே வசிக்கும் உரிமையையும், பராமரிப்புத் தொகையையும் நடுவர் நீதிமன்றத்தில் அந்த அலுவலர் மூலமாகக் கேட்டுப் பெறலாம்.

உன் பாஸ்டர் சொன்ன "ஏழெழுபதுதரம்" மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் 22ஆம் வசனத்தில் வருகிறது. அதே அதிகாரத்தில் அதற்கு முன்னால் வருவதை அவர் உனக்கு வாசித்துக் காட்டவில்லை போலும். சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக் கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது அவனுக்கு நலமாயிருக்கும் என்று ஆறாம் வசனம் சொல்கிறது; பயந்துபோயிருக்கும் உன் பிள்ளைகள் அந்தச் சிறியர். குற்றம் செய்கிறவன் தனியே சொல்லியும் கேளாமற்போனால் இரண்டொருவரைச் சாட்சிகளாகக் கூட்டிக்கொண்டுபோ என்றும், அதற்கும் செவிகொடாவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்றும் 16, 17ஆம் வசனங்கள் சொல்கின்றன. மறைத்து வைக்கும்படி ஆண்டவர் எங்கும் சொல்லவில்லை. லூக்கா 17:3இலோ, அவனைக் கடிந்துகொள் என்பது முதலில் வருகிறது; "அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக" என்பது அதன்பின் வருகிறது. மறுநாள் அழுவது மனஸ்தாபத்தின் தொடக்கமாக இருக்கலாம். குடியை விடுவதற்கான சிகிச்சைக்குப் போய், பிரிந்திருந்து, பொறுப்பானவர்களுக்குக் கணக்குக் கொடுத்து, மாதக்கணக்கில் கையை ஓங்காமல் வாழ்ந்து காட்டினால்தான் அது மனந்திரும்புதல் என்று தெரியவரும். சாட்சி சொல்லும் மேடையை அதுவரை அவருக்குக் கொடுக்காதிருப்பது சபையின் கடமை.

மன்னிப்பதும் மறுபடியும் ஒரே வீட்டில் அடிபடுவதும் ஒன்றல்ல. தன்னைக் கொல்லத் தேடிய ராஜாவாகிய சவுலைத் தாவீது இரண்டு முறை கொல்லாமல் விட்டான். சவுல் முதல் முறை சத்தமிட்டு அழுது, தாவீது தன்னிலும் நீதிமான் என்று ஒப்புக்கொண்டான். இரண்டாம் முறை, நான் பாவஞ்செய்தேன், திரும்பி வா என்றான். தாவீது திரும்பிப் போகவில்லை. "தாவீது தன் வழியே போனான், சவுலும் தன் ஸ்தானத்துக்குத் திரும்பினான்" என்று 1 சாமுவேல் 26 முடிகிறது. மன்னித்த மனிதன், ஈட்டி எட்டாத தூரத்தில் இருந்துகொண்டே மன்னித்தான். விவாகரத்தைக் கர்த்தர் வெறுக்கிறார் என்று மல்கியா 2:16ஐ உனக்கு யாராவது சொல்லிக் காட்டினால், அதே வசனத்திலேயே கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறவனைப் பற்றியும் எழுதியிருக்கிறது என்பதை அவர்களுக்குச் சுட்டிக்காட்டு.

காவல் நிலையத்துக்குப் போனால் தேவநாமம் தூஷிக்கப்படும் என்பதையும் நான் ஏற்கவில்லை. தன்னை வாரினால் அடிக்கக் கட்டியபோது, ரோமக் குடியுரிமையைச் சொல்லிச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டவர் பவுல். நம் நாட்டிலேயே நடந்த ஒன்றையும் நினைத்துக்கொள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் தொழுநோயாளிகளுக்கு ஊழியம் செய்த கிரகாம் ஸ்டெய்ன்ஸையும், 10 வயதும் 6 வயதுமான அவருடைய இரு மகன்களையும் வாகனத்துக்குள் வைத்து எரித்துக் கொன்றார்கள். அவருடைய மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னிப்பதாக உலகறியச் சொன்னார். ஆனால் அதற்காக வழக்கு நிற்கவில்லை. விசாரணை நடந்தது, தீர்ப்பு வந்தது, முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011இல் உறுதிசெய்தது. தம் உள்ளத்தில் பகையை வைக்க மறுத்த அந்தப் பெண்ணின் மன்னிப்பை அந்தத் தண்டனை எந்த வகையிலும் குறைத்துவிடவில்லை. நீயும் கணவருக்காக ஜெபிக்கலாம், அவர்மேல் புகாரும் கொடுக்கலாம்.

உன் பாஸ்டர் உனக்குத் துணைநிற்க மறுத்தால், துணைநிற்கும் வேறொரு போதகரையோ மூத்த சகோதரியையோ தேடு. தனியாக இதைச் சுமக்காதே.

கேள்வி: மாமியாருக்கும் எனக்கும் ஒத்துப்போவதில்லை. எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் அவர்களுக்காக ஜெபக்குறிப்புக் கொடுத்தேன். அது அவர்கள் காதுக்குப் போய், இப்போது முன்னிலும் மோசமாகிவிட்டது. ஜெபிக்கச் சொன்னது தவறா?
– கோயம்புத்தூர் வாசகி

பதில்: ஜெபிக்கச் சொன்னது தவறல்ல, எதைச் சொல்லி ஜெபிக்கச் சொன்னீர்கள் என்பதுதான் கேள்வி. அத்தையிடம் ஒருமுறைகூட நேரில் சொல்லாத குறையை, அவர்களை அறிந்த பெண்கள் கூடியிருக்கும் இடத்தில் விவரமாகச் சொல்லியிருந்தால், அவர்கள் புண்பட்டதில் நியாயம் இருக்கிறது. "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்று ஆண்டவர் சொன்ன ஒழுங்கு ஜெபக்கூட்டத்துக்கும் பொருந்தும். அத்தையிடம் போய், அவர்களைப் பற்றி மற்றவர்கள் முன் பேசியதற்காக மட்டும் மன்னிப்புக் கேளுங்கள். சமையலறைச் சண்டைகளை அந்த நேரத்தில் எடுக்க வேண்டாம். சங்கத்தில் இனி "எனக்குப் பொறுமை வேண்டும்" என்று உங்களுக்காக மட்டும் குறிப்புக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் சபையில் நடந்த தேர்தலுக்குப் பின் இரண்டு அணிகளாகப் பிரிந்துவிட்டார்கள். என் பெற்றோர் ஒரு அணி. என் நண்பனின் பெற்றோர் மறு அணி. ஆராதனையில் சமாதானம் பகிரும் நேரத்தில் ஒரு பக்கத்தார் மறு பக்கத்தாருக்குக் கை கொடுப்பதில்லை. நான் கல்லூரியில் படிக்கிறேன். பெரியவர்களின் சண்டையில் என் போன்றவர்களால் என்ன செய்ய முடியும்?
– தூத்துக்குடி மாவட்ட வாசகர்

பதில்: தம்பி, உன் கேள்வியை வாசித்தபோது மனம் கனத்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபுகளைச் சேர்ந்தவர்கள் பல ஆண்டுகள் பேசி, விட்டுக்கொடுத்து, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை என்ற ஒரே திருச்சபையானார்கள். அதன்பின் அவர்கள் உருவாக்கிய திருவிருந்து ஒழுங்கில், பழைய சிரியன் சபைகளின் வழக்கத்தைத் தழுவி, ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குச் சமாதானத்தைக் கொடுக்கும் முறையைச் சேர்த்தார்கள். அது பீடத்திலிருந்து தொடங்கிக் கடைசி வரிசைவரை வர வேண்டும். நடுவில் ஒருவர் கையை இழுத்துக்கொண்டால், அவருக்குப் பின்னால் இருக்கிறவர்களுக்கும் அது போய்ச் சேருவதில்லை.

பிலிப்பி சபையிலும் இப்படி ஒரு பிளவு இருந்தது. எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களும் பவுலோடு சுவிசேஷத்துக்காகப் பாடுபட்டவர்கள்; தங்களுக்குள் எதற்காக மாறுபட்டார்கள் என்பதைப் பவுல் எழுதவில்லை. எழுதியிருந்தால் இரண்டாயிரம் ஆண்டுகளாக நாமும் அணி பிரிந்து யார் சரி என்று வாதாடிக்கொண்டிருப்போம். "எயோதியாளுக்கும் புத்திசொல்லுகிறேன், சிந்திகேயாளுக்கும் புத்திசொல்லுகிறேன்" என்று இருவருக்கும் தனித்தனியே, ஒரே அளவில் சொல்கிறார். பிறகு மூன்றாவதாக ஒருவரை நோக்கி, என் உத்தம கூட்டாளியே, அவர்களுக்கு உதவியாயிரு என்று கேட்டுக்கொள்கிறார். அந்தக் கூட்டாளியின் பெயர் நமக்குத் தெரியாது. அந்த இடத்தில் இப்போது நீயும் உன் நண்பனும் இருக்கிறீர்கள்.

தேர்தலில் யார் செய்தது சரி என்று பெற்றோரோடு வாதிடாதே. அதில் அவர்களுக்கு உன்னைவிட அதிகம் தெரியும், அந்த வாதம் முடியவும் முடியாது. கணக்குகளில் தவறு நடந்திருந்தால் அது விசாரிக்கப்பட வேண்டியதுதான். சமாதானம் என்ற பெயரில் அதை மூடச் சொல்லவும் எனக்கு மனமில்லை. ஆனால் விசாரணை நடக்கும் காலத்திலும் எதிர் அணி வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் படுத்திருந்தால் பார்க்கப் போகலாம், அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகலாம், துக்க வீட்டில் நாற்காலி எடுத்துப் போடலாம். பவுலும் பர்னபாவும் தங்கள் உடன் ஊழியனான மாற்குவை முன்னிட்டுக் கடுமையாக வாக்குவாதம் செய்து பிரிந்தார்கள். பவுல் தன் வாழ்வின் கடைசியில், சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா" என்கிறார். இடையில் எத்தனையோ வருடங்கள். அந்த வருடங்களில் பர்னபா மாற்குவைக் கைவிடாமல் வைத்திருந்ததால்தான் பவுல் கேட்டபோது கூட்டிக்கொண்டுவர ஓர் ஆள் இருந்தான்.

வரும் ஞாயிறு சமாதானம் பகிரும் நேரத்தில் நீ உன் பெற்றோர் அருகிலிருந்து எழுந்துபோய் உன் நண்பனின் அப்பாவுக்குக் கை கொடு. உன் நண்பன் உன் அப்பாவிடம் வரட்டும். ஆனால் முந்தின நாளே வீட்டில் சொல்லிவிடு. பெற்றோர் எதிர்பாராத நேரத்தில் சபையார் முன்னிலையில் அவர்களை வெட்கப்படுத்துவதுபோல் அது ஆகிவிடக் கூடாது. அப்பா வேண்டாம் என்று சொன்னால், இந்த ஞாயிறு போகாதே. ஏன் வேண்டாம் என்கிறார் என்று அவரிடம் உட்கார்ந்து கேள்.